அந்தரத்தில் பதினோரு நிமிஷம்

தீப்பந்தத்தோடு குதித்த கோமரத்தாடி
இன்னும் தரைக்கு வரவில்லை.
வலது கால் மடங்கியிருக்கிறது. சல்லடம் விரிந்திருக்கிறது.
மேலே எழும்பிய மணிகள் விழ மறந்துவிட்டன.
திரை நடுவில் நீல வட்டம் மட்டும் சுற்றுகிறது.
மணி இரண்டு பத்து. பேட்டையில் நாய்கூட உறங்கிவிட்டது.
ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து
காயாத துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு
வந்து பார்க்கிறேன்.
இரண்டு இருபத்தொன்று.
சாமி அங்கேயேதான் நிற்கிறார்.

பகலில் இதே பெட்டியில்தான்
டவுன் பாத்திரக்கடைகளின் ஜிஎஸ்டி கணக்கு.
இரவில் கொழுந்தன் மாசானம் எடுத்துவரும்
கல்யாணம், சடங்கு, கொடை.
போன வருஷம் அவன் புதுக் கேமரா வாங்கினான்.
"ஃபோர்-கே மைனி. வேர்வைகூடத் தெரியும்."
அவன் தெளிவாகப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து
என் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது.

சீட்டு எடுத்ததில் முப்பத்தெட்டாயிரம்.
கொடை வரி ரசீதின் முதுகில் பட்டியல் எழுதி
வண்ணார்பேட்டையில் மாடியேறினேன்.
மிக்கேலின் கடைக் கண்ணாடிக்குள்
மூன்று காற்றாடியோடு ஒரு கிராபிக்ஸ் கார்டு
ஆனித்தேர் மாதிரி மினுங்கியது.
"வீடியோன்னா இது வேணும்லா யக்கா."
"என்ன வெல?"
சொன்னான்.
நான் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

என் படத்துல டிராகன் பறக்காது மிக்கேலு.
கட்டடம் வெடிக்காது.
வெட்டணும், ஒட்டணும்,
கறுத்துப்போன முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டணும்.
முடிஞ்சா பொண்ணோட அம்மா அழுததுல
ரெண்டு நொடி குறைக்கணும்.

சிரித்துக்கொண்டே புதுத் தாள் எடுத்தான்.
படம் காட்டும் வேலையையும்
தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும் ஒரு பிராசசர்.
அது பழைய போர்டில் உட்காராது, எனவே புது போர்டு.
பழைய ரேம் புது போர்டில் உட்காராது.
சம்பந்தம் பேசுவது போலத்தான்,
ஒரு வெட்டு மாறியிருந்தாலும் முறிந்துபோகும்.
ரேம் முப்பத்திரண்டு.
சூயிங்கம் பட்டை அளவில் ஒரு டிபி எஸ்எஸ்டி.
பவர் சப்ளைக்கு வந்ததும் மலிவானதைக் காட்டினான்.
அங்கே நான் அசையவில்லை.
எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர்
மழைக்கு முன்னால் ஒருதரம் உயிரை விடும்,
மழைக்குப் பின்னால் ஒருதரம்.
"வெளிய தெரியாத சாமானுக்குப் போயி இவ்வளவா யக்கா?"
"கரண்டு வெளிய தெரிஞ்சா நாமல்லா எரிஞ்சுபோவோம்."

நாற்பத்தோராயிரத்து இருநூறு.
மிச்சம் கொடைப் பணம் வந்ததும் தாரேன் என்றேன்.
மானிட்டர் பழசு, கேபினட் பழசு,
எழுத்தழிந்த கீபோர்டு பழசு.
திறந்தபோது உள்ளே இலவம்பஞ்சாகத் தூசி,
ஒரு பல்லி முட்டை ஓடு,
எந்தக் கல்யாணத்திலிருந்தோ வந்த ஜிகினாத் துணுக்கு.
எல்லாம் பூட்டிய பிறகும்
கார்டு செருகும் நீள இடம் காலியாகவே கிடந்தது.
இருக்கட்டும்.
விருந்தாளிக்கு ஒரு நாற்காலி.

இன்றிரவு ஸ்பேஸ்பாரைத் தட்டினேன்.
சாமி இறங்கினார்.

நம்பாமல் மறுபடி ஓட்டினேன்.
பிறகு மெதுவாக, ஃபிரேம் ஃபிரேமாக.
இறங்கும் கால் நேராக இறங்கவில்லை.
கீழே, மகுடக்காரருக்குப் பக்கத்தில்,
உறங்கிப்போன ஒரு பொடியனின் கை
பாயைத் தாண்டி நீண்டு கிடக்கிறது.
கண் மேலே செருகிய கோமரத்தாடி
அந்தரத்திலேயே ஒரு சாண் விலகி
காலை வைக்கிறார்.

கமிட்டி கேட்டது நாற்பது நிமிஷம்.
ஏற்கெனவே நாற்பத்திரண்டு ஓடுகிறது.
விடிந்தால் பாத்திரக்கடைக் கணக்குக்குக் கடைசி நாள்.
கத்தரியை அதன்மேல் கொண்டுபோகிறேன்,
எடுக்கிறேன்,
திரும்பவும் ஓட்டிப் பார்க்கிறேன்.
பெட்டிக்குள்ளிருந்து
ஒரு சத்தமும் இல்லை.